"இது நம்ம இண்டியானா ஜோன்ஸ் இல்லையே!" – ஒரு நாவலும் நாம சொன்ன கருத்துகளும்

(நமது ஐடி விங் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் இங்கே.)



எனக்கு மேடைப் பேச்சு அவ்வளவா வராது. கார்டு டிசைன் பண்ணச் சொன்னா ராத்திரி முழுக்க உட்கார்ந்து பண்ணுவேன், மைக்கைக் கொடுத்தா கை நடுங்கும். அதனால எழுதி வச்சதைப் பார்த்துத்தான் பேசப் போறேன், பொறுத்துக்கோங்க.

இந்த முறை நம்ம வட்டம் எடுத்த புத்தகம் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி பெரில் அட் டெல்ஃபி'. எழுதியவர் ராப் மெக்ரெகர். அமெரிக்காவின் பாண்டம் பதிப்பகம் 1991-ல் வெளியிட்டது. பழைய புத்தகக் கடையில் கிடைச்ச ரெண்டே ரெண்டு பிரதியைத்தான் கைமாத்திக் கைமாத்திப் படிச்சோம். ஒரு பிரதிக்கு அட்டை போயிடுச்சு. யாருன்னு கேட்க மாட்டேன், அவருக்கே தெரியும்.

கதைச் சுருக்கம் சொல்ல நான் வரல. படிச்சவங்க சொன்ன கருத்துகளைப் பத்திப் பேச வந்திருக்கேன். ஏன்னா வந்த கருத்துல பெரும்பாலானது ஒரே வரியில முடிஞ்சுடுச்சு: "இது நம்ம இண்டியானா ஜோன்ஸ் இல்லையே."

சரி, அந்த 'நம்ம' இண்டியானா ஜோன்ஸ் யாரு? 1981-ல் ஜார்ஜ் லூகாஸ் கதையா உருவாக்கி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படத்துல வந்த ஹாரிசன் ஃபோர்டு. தொப்பி, சாட்டை, தோல் ஜாக்கெட், மூணு நாள் தாடி. பின்னால ஜான் வில்லியம்ஸ் இசை. நம்மில் முக்கால்வாசிப் பேர் டிவியில தமிழ் டப்பிங்ல பார்த்தவங்கதான். அந்த உருவம் மனசுல ஒட்டிக்கிச்சு. புத்தகத்தைத் திறந்தா அந்த ஆள் இல்ல. பாரிஸ் சோர்போன்ல மொழியியல் படிக்கிற ஒரு இளைஞன் இருக்கான். தயங்குறான். ஏமாறுறான். பேராசிரியர் சொன்னா நம்பிடுறான். உடனே நம்ம தீர்ப்பு: மாஸ் இல்ல.

இதே விஷயத்தைத் தலைகீழா நாம பார்த்திருக்கோம். 2022-ல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தப்போ வீட்ல பெரியவங்க என்ன சொன்னாங்க? "இது எங்க வந்தியத்தேவன் இல்ல", "நந்தினி இப்படியா இருப்பா?" கல்கி பத்திரிகையில தொடரா வந்தப்போ மணியம் வரைஞ்ச படத்தை மனசுல வச்சுக்கிட்டு மணிரத்னத்தை அளந்தாங்க. அன்னைக்கு நாம அவங்களைப் பார்த்துச் சிரிச்சோம். "புத்தகம் வேற, சினிமா வேற, அது தெரியாதா?"ன்னு பாடம் எடுத்தோம். இன்னைக்கு சினிமா முதல்ல வந்து, புத்தகம் பின்னால வந்தா, அதே பெரியவங்க நாற்காலியில நாம போய் உட்கார்ந்திருக்கோம்.

கொஞ்சம் யோசிங்க. படத்துல ஹீரோ ஒரு வார்த்தை பேசுறதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சிடுது. அந்த நடிகர் முகம் இருக்கு, நடை இருக்கு, இசை இருக்கு. நாவல்ல இதுல ஒண்ணும் கிடையாது. "அவன் தொப்பியைச் சரி செய்தான்"னு எழுதினா விசில் வருமா? வராது. படத்தை அப்படியே காகிதத்துல ஓட்டினா படத்தோட நிழல்தான் கிடைக்கும். அப்போ எழுத்தாளர் கையில என்ன மிச்சம்? ஹீரோவோட மனசுக்குள்ள போற வழி ஒண்ணுதான். கேமராவுக்குத் தெரியாத இடம் அது. மெக்ரெகர் அங்கேதான் போனார்.

அவருக்குப் படம் தெரியாதுன்னு சொல்லவும் முடியாது. 1989-ல் வந்த மூணாவது படமான 'லாஸ்ட் குருசேட்'-ஐ நாவல் வடிவத்துல எழுதினவரே அவர்தான். அந்தப் படத்தோட ஆரம்பம் ஞாபகம் இருக்கா? 1912, யூட்டா பாலைவனம், ரயில் மேல சண்டை. ஹீரோவுக்குச் சாட்டை எப்படி வந்துச்சு, தாடையில தழும்பு எப்படி, பாம்புன்னா ஏன் பயம், தொப்பி யார் கொடுத்தாங்கன்னு எல்லாத்தையும் ஒரே ஒரு நாள்ல, சில நிமிஷத்துல முடிச்சுடுவாங்க. கைதட்டினோம். ஆனா இன்ஜினியரிங் படிச்சவன்ங்கிற முறையில கேட்கிறேன்: ஒரு மனுஷன் உருவாகிறது அப்படியா? தொப்பி ஒரு நாள்ல கிடைக்கலாம். இந்தத் துறைதான் என் வாழ்க்கைங்கிற முடிவு அப்படிக் கிடைக்குமா?

நாவல் எடுத்துக்கிட்டது அந்தக் கேள்வியைத்தான். மொழியியல் படிக்கிறவன் ஏன் மண்ணைத் தோண்டப் போனான்? இந்தக் கூட்டத்துல எத்தனை பேர் ஈசிஇ படிச்சுட்டு வீடியோ எடிட் பண்றோம், மெக்கானிக்கல் படிச்சுட்டுப் போட்டித் தேர்வு எழுதுறோம்? சேர்ந்தது ஒண்ணு, மனசு போனது வேறொண்ணு. அப்படி இருக்கிறவனுக்கு இந்தப் புத்தகத்தோட முதல் நூறு பக்கம் 'ஸ்லோ'வா இருக்க வாய்ப்பே இல்லன்னு நினைச்சேன். ஆனா 'ஸ்லோ'ன்னு எழுதினதே நம்ம ஆளுங்கதான்!

ஆரம்பத்துல ஒரு இடம் வருது, அதை யாருமே குறிப்பிடல, எனக்கு அது ஆச்சரியம். 1920, சிகாகோ பல்கலைக்கழகம். பட்டம் வாங்கப் போற நேரத்துல இண்டியும் நண்பனும் சேர்ந்து அமெரிக்க விடுதலைத் தலைவர்களோட உருவபொம்மைகளைத் தூக்குல தொங்க விடுறாங்க. ஏன்? பிரிட்டிஷ்காரன் ஜெயிச்சிருந்தா இவங்க எல்லாரும் தேசத் துரோகின்னு தூக்குலதான் தொங்கியிருப்பாங்கன்னு காட்ட. ஜெயிச்சா தலைவன், தோத்தா துரோகி. நமக்குத் தெரிஞ்ச உருவபொம்மைப் போராட்டம் வேற மாதிரி, தீப்பெட்டியோட முடிஞ்சிடும். ஆனா ஒரு சாகச நாவலோட ஹீரோ சாட்டையைத் தொடறதுக்கு முன்னாடி, வரலாறு யார் கையால எழுதப்படுதுங்கிற கேள்வியைத் தொடறான். அரசியல் பக்கத்தை நடத்துற நாம இந்த இடத்தைத் தாண்டிப் போனது எப்படி?

சரி, அடுத்த கருத்துக்கு வர்றேன். "ஆவி, குறி, சாமி வந்து சொல்றது, இதெல்லாம் ஓவர். லாஜிக் இல்ல." இதைச் சொன்ன தம்பி இங்கேதான் இருக்கான். கோவிச்சுக்காதடா, உன் கருத்துக்குத்தான் நான் ரொம்ப நேரம் ஒதுக்கியிருக்கேன்.

டெல்ஃபி கிரீஸ்ல பர்னாசஸ் மலைச் சரிவுல இருக்கிற ஊர். அங்கே அப்போலோ கோயில். அந்தக் கோயில்ல பித்தியான்னு ஒரு பூசாரிப் பெண் முக்காலியில உட்கார்ந்து அருள்வாக்கு சொல்வாங்க. அரசர்கள் போருக்குப் போறதுக்கு முன்னாடி அங்கே வந்து நிப்பாங்க. லிடியா நாட்டு அரசன் குரோசஸ் கேட்டானாம், பாரசீகத்து மேல படையெடுக்கலாமான்னு. நீ போனா ஒரு பெரிய பேரரசு அழியும்ங்கிற மாதிரி பதில் வந்துச்சு. சந்தோஷமாப் போனான். அழிஞ்சது அவனோட அரசு. ஹெரோடோட்டஸ் எழுதி வச்ச கதை இது. நம்ம எக்ஸிட் போல் ஆளுங்க இவங்ககிட்டத்தான் டியூஷன் போயிருக்கணும், எப்படி வந்தாலும் "நாங்க சொன்னோமே"ன்னு சொல்லிக்கலாம்.

பழைய காலத்துல ஒரு நம்பிக்கை இருந்துச்சு. கோயிலுக்குக் கீழே பூமியில ஒரு பிளவு, அதிலிருந்து ஒரு ஆவி வரும், அதைச் சுவாசிச்சுத்தான் பித்தியாவுக்கு அருள் வரும்னு. டெல்ஃபியிலேயே பூசாரியா இருந்த புளூட்டார்க் அந்த ஆவியைப் பத்தியும் அதோட இனிய வாசனையைப் பத்தியும் எழுதியிருக்கார். 1892-ல் பிரெஞ்சுக்காரங்க அங்கே பெரிய அளவில அகழாய்வு ஆரம்பிச்சாங்க. தோண்டிப் பார்த்தாங்க, பெரிய பிளவும் இல்ல, ஆவியும் இல்ல. அப்புறம் இருபதாம் நூற்றாண்டு முழுக்க அறிஞர்கள் பெரும்பாலும் "அது கட்டுக்கதை"ன்னு மூடி வச்சுட்டாங்க.

மெக்ரெகர் நாவல்ல நிலநடுக்கம் வருது, பிளவு திறக்குது, ஆவி எழும்புது. 1991-ல் இதைப் படிச்ச விஷயம் தெரிஞ்சவன் உன்னை மாதிரிதான் சொல்லியிருப்பான் தம்பி, லாஜிக் இல்லன்னு.

பத்து வருஷம் கழிச்சு, 2001-ல், டி போயர்ங்கிற நிலவியலாளரும், ஹேல்ங்கிற தொல்லியலாளரும், சான்டன்ங்கிற வேதியியல் ஆய்வாளரும் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டாங்க. கோயில் நிக்கிற இடத்துக்குக் கீழே ரெண்டு நிலப்பிளவுக் கோடுகள் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டுப் போகுது. கீழே இருக்கிற சுண்ணாம்புப் பாறையில எண்ணெய்ச் சத்து இருக்கு. நிலம் அசைஞ்சு பாறை சூடானா அதிலிருந்து வாயு மேல வரலாம். அங்கே ஊற்றுத் தண்ணியைச் சோதிச்சதுல எத்திலீன் தடயம் கிடைச்சது. எத்திலீன்னா நமக்குத் தெரியும், மாம்பழம் பழுக்க வைக்கிறோமே, அதே வாயு. கொஞ்சம் இனிப்பு வாசனை. ஒரு காலத்துல ஆபரேஷனுக்கு மயக்க மருந்தாவே பயன்படுத்தியிருக்காங்க. புளூட்டார்க் சொன்ன வாசனை!

இதோட விஷயம் முடிஞ்சிடலை. எத்திலீன் அந்த அளவுக்கு வந்திருக்க முடியாதுன்னு மறுத்து எழுதினவங்களும் இருக்காங்க, சண்டை இன்னும் ஓயலை. நாவலாசிரியர் தீர்க்கதரிசின்னு நான் சொல்ல வரல, அவர் பழைய நம்பிக்கையை எடுத்துக் கதைக்குப் பயன்படுத்தினார், அவ்வளவுதான். ஆனா 'லாஜிக் இல்ல'ங்கிற ரெண்டு வார்த்தையைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் தேடியிருந்தா, நாவலைவிடச் சுவாரசியமான ஒரு கதை உன் கைக்கு வந்திருக்கும்.

மூணாவது கருத்து நம்ம மகளிர் தோழர் ஒருத்தர் சொன்னது. எல்லாக் கருத்திலும் கனமானது அதுதான். "இந்த ஹீரோ யாரு? ஊர் ஊராப் போய் அடுத்தவன் சாமியை எடுத்துட்டு வர்றவன். அவன் வளர்ந்த கதையை நான் ஏன் படிக்கணும்?"

நியாயமான கோபம். 1984-ல் வந்த 'டெம்பிள் ஆஃப் டூம்' படத்துல இந்தியாவை என்ன பாடு படுத்தினாங்க! குரங்கு மூளை விருந்து, நரபலி, காளி பேரைச் சொல்லிப் பிள்ளைகளை அடிமையாக்குறது. கதையைப் பார்த்துட்டு இந்திய அரசு படப்பிடிப்புக்கு ஒத்துக்கல. அவங்க இலங்கை கண்டிக்குப் போய் எடுத்தாங்க. அதனால என்ன ஆச்சுன்னா, வட இந்தியக் கிராமம்னு காட்டுற ஊர்ல ஜனங்க சிங்களத்துல பேசுவாங்க! அம்ரீஷ் பூரி நடிப்பு மட்டும் தனி, அதை ஒத்துக்கிறேன்.

தொல்பொருள்னா அது மியூசியத்துலதான் இருக்கணும்னு அந்த ஹீரோ படத்துல அடிச்சுப் பேசுவான். எந்த ஊர் மியூசியம்னு மட்டும் சொல்ல மாட்டான். ஏதென்ஸ் பார்த்தினான் சிற்பங்கள் 1816-ல இருந்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, கிரீஸ் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கு. நமக்கும் இது கதை இல்ல. பத்தூர் நடராஜர் கடல் தாண்டிப் போய் லண்டன் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு நடந்துச்சு. இடிஞ்சு கிடந்த அந்தக் கோயிலே வழக்காடலாம்னு அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. தீர்ப்பு வந்த வருஷம் 1991. இந்த நாவல் வந்த அதே வருஷம்!

ஆனா தோழர், நாவலைத் தள்ளி வைக்க இது போதாதுன்னு நினைக்கிறேன். ரெண்டு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, டெல்ஃபி கதையே வேற. பிரெஞ்சுக்காரங்க தோண்ட வந்தப்போ கோயில் இடிபாட்டு மேலேயே கஸ்த்ரின்னு ஒரு கிராமம் இருந்துச்சு. அந்த ஊரையே வேற இடத்துக்கு மாத்தினாங்க. தோண்டுற உரிமையை வாங்கின விதம் இன்னும் வேடிக்கை. கிரீஸோட உலர் திராட்சைக்குப் பிரான்ஸ்ல இறக்குமதி வரி எவ்வளவுங்கிற பேரத்தோட சேர்ந்தே இந்தப் பேச்சும் ஓடுச்சு. திராட்சைக்கு ஒரு அகழாய்வு! ஆனா கிடைச்ச பொருள் கிரீஸ்லதான் இருந்தது. 1896-ல் எடுத்த வெண்கலத் தேரோட்டி சிலை இன்னைக்கும் டெல்ஃபி மியூசியத்துலயே நிக்குது. எடுத்த இடத்துலயே வைக்கணும்னு நாம கீழடிக்குக் கேட்டோமே, 2023-ல் திறந்தும் பார்த்தோமே, அதே மாதிரி.

ரெண்டாவது, நாவல்ல அறிவு யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. பேராசிரியர் டோரியன் பெலகாமஸ் ஒரு கிரேக்கப் பெண். மண்ணும் அவங்களோடது, மொழியும் அவங்களோடது, படிப்பும் அவங்களோடது. ஹீரோ அவங்களுக்குப் பெட்டி தூக்கிக்கிட்டு வர்ற மாணவன். வெளிநாட்டுக்காரன் வந்து உள்ளூர்க்காரனுக்கு வரலாறு சொல்லித் தர்ற பழைய பாட்டு இங்கே இல்ல. அந்த அம்மாவைப் பின்னால சதி, மயக்கம்னு ஒரு பழகிப்போன அச்சுல போட்டு வார்த்துட்டாங்க, அது எனக்கும் பிடிக்கல. அவ்வளவு நல்லா ஆரம்பிச்ச பாத்திரத்தைக் கெடுத்துட்டார் மெக்ரெகர். தோழர் அந்த இடத்தைப் பிடிச்சு அடிச்சிருந்தா நான் கூட நின்னு அடிச்சிருப்பேன்.

என்னோட பெரிய குறை வேற. கதை நடக்கிற வருஷம் 1922. கிரேக்க அரசரைச் சுத்தி ஒரு சதி ஓடுது. "அரசியல் அதிகம், போர்"னு சிலர் எழுதியிருந்தீங்க. நான் சொல்றேன், அரசியல் பத்தல! 1922 கிரீஸ்னா சும்மாவா? துருக்கிப் போர்ல தோல்வி, ஸ்மிர்னா நகரம் எரியுது, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு லட்சக்கணக்குல அகதிகள் கப்பல் ஏறுறாங்க, செப்டம்பர்ல ராணுவம் கிளர்ந்து அரசர் கான்ஸ்டன்டைன் முடி துறக்கிறார். அடுத்த வருஷ ஒப்பந்தத்துல பத்து லட்சத்துக்கு மேல ஜனங்க மதத்தை வச்சு இங்கேயும் அங்கேயும் மாத்தப்பட்டாங்க. இப்படி ஒரு காலத்தைக் கையில வச்சுக்கிட்டு அதை மேடைக்குப் பின்னால தொங்குற படுதா மாதிரி மட்டும் விட்டுட்டாரே!

இதே ஹீரோவை வச்சு மத்தவங்க எழுதினதையும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். பாண்டம் மொத்தம் பன்னிரண்டு நாவல் போட்டது. முதல் ஆறு மெக்ரெகர். அடுத்த ரெண்டு மார்ட்டின் கெய்டின், அவர் விமானப் பைத்தியம். அதனால 'ஸ்கை பைரட்ஸ்'ல ஹீரோவைவிட விமானத்துக்குத்தான் வசனம் அதிகமோன்னு தோணும், ரசிகர்கள் திட்டித் தீர்த்த புத்தகம் அது. கடைசி நாலு மேக்ஸ் மெக்காய், 1999 வரைக்கும். படத்துல பார்த்த ஆளு வேணும்னா இவர்கிட்டத்தான் போகணும்ங்கிறது ரசிகர்கள் பலரோட கருத்து. அவரோட 1995 நாவல்ல பளிங்கு மண்டையோடு வருது, அதே சமாச்சாரம் 2008-ல் படமா வந்துச்சு. ஜெர்மனியில வுல்ஃப்காங் ஹோல்பைன் தனியா எட்டு நாவல் எழுதியிருக்கார். இத்தனை பேர் கையில ஒரே ஹீரோ எட்டு விதமா மாறியிருக்கான்.

இதை ஏன் சொல்றேன்னா, "நம்ம ஹீரோ மாதிரி இல்ல"ங்கிறது கருத்தோட ஆரம்பமா இருக்கலாம். 'ஏன் மாதிரி இல்ல, மாத்தினதுல என்ன கிடைச்சுது, என்ன போச்சு'ன்னு அடுத்த வரி வரணும். நாம ராத்திரி பகலா இந்த ஃபோன்ல கருத்துச் சொல்லிக்கிட்டே இருக்கிற ஆளுங்க. ஒரு அறிவிப்பு வந்தா பத்து செகண்டுல பதில் போடணும், அது நம்ம வேலை, அதுல நாம கில்லாடி. அந்தப் பழக்கம் இருநூத்துச் சொச்சம் பக்கப் புத்தகத்துகிட்டயும் வந்து நிக்குதேன்னுதான் எனக்குக் கவலை. கெய்டினைத் திட்டினவங்க எந்த அத்தியாயத்துல விமானம் கதையைத் தின்னுச்சுன்னு சொல்வாங்க. நம்ம ஆளு 'மொக்கை'ன்னு போட்டுட்டுப் போயிட்டார். நாப்பதாம் பக்கத்துலயே புக்மார்க் நின்னுடுச்சு, அதையும் பார்த்தேன்.

அடுத்த மாசம் மெக்காயோட 'பிலாசபர்ஸ் ஸ்டோன்'. ஒரு பிரதிதான் இருக்கு, முதல்ல கேட்கிறவங்களுக்கு. மகளிர் தோழர் பேசுறதா ஒத்துக்கிட்டாங்க. அட்டையைக் கிழிச்சவருக்கு மட்டும் கடைசியிலதான் தருவோம்.